காயம் பட்ட இடம்

படிவத்தின் நான்காவது கேள்வி:
காயம் பட்ட இடம்.
சிலர் முழங்கை என்று எழுதுகிறார்கள்,
சிலர் சாப்பாட்டுக் கூடம் என்று.
இரண்டையும் ஏற்றுக்கொள்வேன்.
டுலூத் நகரத்து மேட்டுத்தெருப் பள்ளியில்
பதினோரு வருடமாக இந்த அலுவலக மேசை என்னுடையது,
ஐஸ் பைகள் அடுக்கிய குளிர்பெட்டியும்.

முதலில் டெல்பர்ட் ஸ்கூக், துப்புரவுப் பணியாளர்.
மடக்கு மேசைகள் பதினாலு.
தினம் இருமுறை விரித்து, இருமுறை மடக்குவார்.
ஒன்பதாவது மேசைக்கு ஒரு சக்கரம் இல்லை.
செப்டம்பரில் எழுதிக் கேட்டோம்.
வரிசையில் இருக்கிறது என்று பதில் வந்தது.
சக்கரம் செய்யவேண்டியதை
இடுப்பு செய்தது,
அக்டோபர் முடிய, நவம்பர் முடிய.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
குனிந்தவர் குனிந்தபடியே என் அறைக்கு வந்தார்,
தரையில் விழுந்த எதையோ தேடுகிறவர் போல.
வலி எவ்வளவு, ஒன்றிலிருந்து பத்துக்குள்?
"இன்னும் மூணு மேசை பாக்கி" என்றார்.

அவர் வீட்டில் படுத்த வாரம்
ஏரிக்காற்று ஊருக்குள் ஏறியது.
வண்டி நிறுத்தும் சரிவில் உப்புத் தூவ ஆளில்லை.
காலை ஐந்தரைக்கு, இருட்டில்,
சமையலறை வாண்டா மாக்கெலா விழுந்தார்.
கையிலிருந்த காப்பியைக் காப்பாற்றிவிட்டார்,
ஒரு சொட்டு சிந்தவில்லை
என்று இன்றைக்கும் சொல்வார்.
மற்ற கையைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

ஏணி அறையின் சாவி
டெல்பர்ட்டின் வளையத்தில், டெல்பர்ட்டோடு.
காகிதப் பனிப்பூக்களைக் கூரையில் தொங்கவிட
தன் நாற்காலியில் ஏறினாள்
இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஃப்ரீடா லுண்ட்க்விஸ்ட்.
அந்த நாற்காலிக்குச் சக்கரம் ஐந்தும் இருந்தன.
அதுதான் வினை.
காயத்துக்குக் காரணமான பொருள்?
பனி, என்று எழுதியிருந்தாள்.
காகிதம் என்பதை நான் சேர்த்தேன்.

ரோஷெல் பெல்லாஞ்சர் படிவமே கேட்கவில்லை.
முன்கையில் பல்வரிசை,
மேல் ஆறு, கீழ் நாலு,
நான்தான் பார்த்து உட்காரவைத்தேன்.
தாக்கியவர் பெயர் என்ற கோட்டின்மேல்
தீப்பயிற்சி மணி என்று எழுதினாள்.
"காதை மூட அவனுக்கு ரெண்டு கை பத்தலை,
என் கை பக்கத்துல இருந்துச்சு."
மூன்று மணிக்குப் பையனை அழைத்துப்போக
அவன் அம்மா வரும்போது
சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கடைசிக் கேள்வி:
இதை எப்படித் தவிர்த்திருக்கலாம்?
நான் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும்.
நான்கு தாளிலும் அதே வாக்கியம்.
வாண்டாவுடையது இடது கையால்,
குழந்தை எழுதியதுபோல் கோணலாக.
பதினோரு வருடம் அந்த வாக்கியத்தை
எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்து அனுப்பியவள் நான்.
இந்த முறை விரல் ஓடவில்லை.
மூன்று தாளில் அதைத் தொடாமல்
கீழே ஒரு சொல் சேர்த்தேன்: சக்கரம்.
ரோஷெலின் தாளில் சக்கரத்துக்கு வேலையில்லை.
அதில், மணி அடிக்குமுன்
அவனுக்கு ஒருவர் சொல்லியிருக்கலாம் என்று.
அந்த ஒருவர் நான்.
மணியின் பொத்தான் என் மேசைக்கு அடியில்.

மாவட்ட அலுவலகம் திருப்பி அனுப்பியது,
சம்பந்தமில்லாத பதில்களைத் திருத்துமாறு.
கூடவே ஒரு சுவரொட்டி:
பாரம் தூக்கும்போது முழங்காலை மடக்குங்கள்.
படத்தில் ஒருவன்
வெறும் அட்டைப்பெட்டியைத் தூக்கிச் சிரிக்கிறான்.
திருத்தவில்லை.
சுவரொட்டியை என் உயரத்துக்கு எட்டும் இடத்தில் ஒட்டினேன்.

இப்போதெல்லாம் பயிற்சிக்கு ஐந்து நிமிடம் முன்னால்
பையனின் வகுப்புக்குப் போகிறேன்.
என்னை ஏறிட்டுப் பார்ப்பதில்லை.
காதுகளை மூடிக்கொண்டு தானே வாசலுக்கு நடக்கிறான்,
ரோஷெல் பின்னாலேயே.

ஏப்ரலில் பெட்டி வந்தது.
உள்ளங்கை அளவு கறுப்பு ரப்பர்.
டெல்பர்ட் அரைநாள் வேலைக்குத் திரும்பியிருந்தார்,
தூக்கக் கூடாது என்ற சீட்டோடு.
மாட்டுவது சுலபம், நாலு திருகாணி.
மேசையைத்தான் இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க வேண்டும்.
இசை ஆசிரியரைக் கூப்பிட்டேன்.
இரண்டு பேரும் முழங்காலை மடக்கினோம்.